ஆனைமூழ்கிக் கரையில் ஒரு "யார்டா அது?"

ஆனைமூழ்கிக் குளத்தின் கரையில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டைகளோடு குடியிருந்தாள். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு அந்தப் பள்ளத்தில் முட்டையிடுவதுதான் அவள் குலத்து வழக்கம்.

அந்தக் குலத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கரையில் ஒரு புல் அசைந்தால் போதும். "யார்டா அது? யார்டா அது?" என்று கத்திவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். யானை வந்தாலும் அதே கேள்வி, அணில் வந்தாலும் அதே கேள்வி. இரை தேடிவிட்டுத் திரும்பும் சொந்தப் புருஷனைப் பார்த்தும் செம்மூக்கி அதையேதான் கேட்பாள்.

"நான்தாண்டி!" என்பான் அவன். ஒவ்வொரு முறையும் சொல்லுவான், பாவம்.

காட்டில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. "நான்தான் தாயி, தண்ணி குடிக்க வந்தேன்" என்று யானை சொல்லும். "நான்தான், கிழங்கன்" என்று காட்டுப்பன்றி உறுமும். பதில் சொன்னால் முடிந்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போகலாம்.

ஒரு சித்திரை மாதத்துக் காலை. புள்ளிமான்கள் தலை குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நாணல் புதர் லேசாக அசைந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை.

"யார்டா அது? யார்டா அது?"

மான்கள் துள்ளி விலகின. நாணலுக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை எழுந்து வந்தான். அவன் பெயர் பெரும்புள்ளி. உடம்பிலும் பெரும்புள்ளி, பதவியிலும் பெரும்புள்ளி. அந்த வருஷத்துக்குக் காடு தேர்ந்தெடுத்த காவல் தலைவன் அவன்தான். காவல் தலைவனுக்கு நாணலுக்குள் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மான்களுக்கு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"என்னடி கேட்டே?" என்று சீறினான் சிறுத்தை.

"யார்னு கேட்டேன், தலைவரே."

"யார்னு கேக்கல! யார்டான்னு கேட்டே! என்னையா? 'டா'வா?"

"எங்க தொண்டை அப்படித்தான் தலைவரே. எங்க வீட்டுக்காரரையும் அப்படித்தான் கேப்பேன்."

சிறுத்தையின் வாலுக்குப் பின்னாலிருந்து ஒரு நரி தலை நீட்டினான். அவன் பெயர் நைச்சியன். தலைவர் தும்மினால் இவனுக்குச் சளி பிடிக்கும். அப்படி ஒரு விசுவாசம்.

"தலைவரே! இன்னிக்கு 'டா'ன்னு சொன்னவ நாளைக்குத் தோள்மேல இறக்கையைப் போடுவா! இவ இங்க இருக்கற வரைக்கும் உங்களுக்கு மரியாதையும் இல்ல..." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "...மான் கறியும் இல்ல!"

சிறுத்தை நிமிர்ந்து நின்றான். "இது என் உத்தரவு! தலைவனை மரியாதை இல்லாம பேசின குத்தத்துக்கு, இன்னிக்குச் சூரியன் மலையைத் தொடறதுக்குள்ள நீ இந்தக் கரையைக் காலி பண்ணணும்!"

"என் முட்டைங்க?"

"அது உன் பாடு!"

செம்மூக்கி முட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் மூன்றே நாளில் குஞ்சு பொரிக்க வேண்டிய முட்டைகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்த வெயிலில் அரை நாள் கேட்பாரற்றுக் கிடந்தால் முட்டைகள் வெந்துவிடும். அவள் தினமும் குளத்தில் இறங்கி, வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால்தான் அவற்றைக் குளிர வைத்துக்கொண்டிருந்தாள்.

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. புருஷனை முட்டைமேல் உட்கார வைத்தாள். நேரே தீர்ப்புப் பாறைக்குப் பறந்தாள்.

இந்த இடத்தில் அந்தக் காட்டின் சாசனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு அங்கே ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அது நினைத்தது சட்டம், அது சொன்னது தீர்ப்பு, அது பாய்ந்தது தண்டனை. மூன்றும் ஒரே வாய்க்குள் இருந்தன. அந்த வாய்க்குள் போனவர்கள் திரும்பி வரவில்லை. சிங்கம் செத்த பிறகு, இனத்துக்கு ஒருவராக எல்லாரும் மருத மரத்தடியில் கூடினார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி பேசினார்கள். கடைசியில் சாசனம் பிறந்தது.

அதன்படி குளத்தருகே, அந்த மருத மரத்தடியிலேயே மூன்று பாறைகள். சொல் பாறையில் எல்லா இனமும் கூடிச் சட்டம் செய்யும். காவல் பாறையில் இருப்பவர் அதை நடத்தி வைப்பார். தீர்ப்புப் பாறையில் இருப்பவர் வழக்கைக் கேட்பார். ஒரு பாறைக்காரர் மறு பாறையில் கால் வைத்தால் தன் பாறையை இழந்துவிடுவார். அந்தச் சாசனத்தை மரங்கொத்தி மருத மரத்தில் வரி வரியாகச் செதுக்கியது. மரம் பட்டுப்போனால் என்ன செய்வது? அதனால் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு பிராணி மனப்பாடமாகச் சுமக்க வேண்டும் என்றும் வைத்தார்கள்.

தீர்ப்புப் பாறையில் இருந்தவர் மெல்லப்பர் என்ற ஆமை. செம்மூக்கி மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"உச்சிப்பொழுதுக்கு வாம்மா. தலைவரையும் வரச் சொல்றேன். ரெண்டு பக்கமும் கேக்காம தீர்ப்பு கிடையாது."

"ஐயா, நேரம் இல்லீங்களே!"

"நேரம் இல்லைன்னுதான் உச்சிப்பொழுதுன்னேன். சாதாரணமா நான் மூணு நாள் எடுத்துக்குவேன்."

உச்சிவெயிலில் காடே மருத மரத்தடியில் கூடியது. செம்மூக்கி தெம்பாகத்தான் நின்றாள். கரையில் கேள்வி கேட்கும் உரிமை மரத்திலேயே இருக்கிறது, அது ஏழாவது வரி என்று அவளுக்குத் தெரியும்.

"ஏழாம் வரியைப் படி" என்றார் மெல்லப்பர்.

மரங்கொத்தி மரத்தைப் பார்த்தது. மறுபடியும் பார்த்தது. "ஐயா... ஆறாம் வரி இருக்கு. எட்டாம் வரி இருக்கு. நடுவுல பட்டையே இல்ல!"

கூட்டம் திகைத்தது. நரி வானத்தைப் பார்த்தபடி சொன்னான்: "கரையான் அரிச்சிருக்கும். பழைய மரம், பழைய எழுத்து. எழுத்தே இல்லாத உரிமையை இந்தப் பறவை எங்கேயிருந்து கொண்டு வருது?"

செம்மூக்கி ஆமையிடம் திரும்பினாள். "ஐயா, உங்களுக்கு அந்த வரி தெரியுமே! நீங்க சொல்லுங்க!"

ஆமை வருத்தத்தோடு தலையாட்டினார். "தெரியும்மா. ஆனா நானே சட்டத்தையும் சொல்லி நானே தீர்ப்பையும் சொன்னா, எனக்கும் செத்துப்போன சிங்கத்துக்கும் என்ன வித்தியாசம்? மரத்துல போன வரியை, அதைச் சுமக்கற வாய் வந்து சொல்லணும். சாசனம் அப்படி. சூரியன் மலையைத் தொடறதுக்குள்ள கூட்டிட்டு வா. ஏழாம் வரி யாரோட வாயில இருக்கு?"

"மத்தளத்தோட வாயில" என்றது மரங்கொத்தி.

நரி வாய்விட்டுச் சிரித்தான். மத்தளம் ஒரு தவளை. கோடையில் சேற்றைத் தோண்டி உள்ளே போய்த் தூங்கிவிடுவான். மழை வந்தால்தான் வெளியே வருவான். குளம் வற்றிய இடமெல்லாம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எந்த வெடிப்புக்குக் கீழே மத்தளம் தூங்குகிறான் என்று யாருக்குத் தெரியும்?

செம்மூக்கிக்குத் தெரியும்!

பங்குனி மாதத்தில் ஒரு நாள் சேறு அசைந்தது. அவள் வழக்கம்போல "யார்டா அது?" என்று கேட்டாள். "நான்தான், மத்தளம். தூங்கப் போறேன். மழை பெஞ்சா எழுப்பு" என்று பதில் வந்தது. சாய்ந்த நாணல் தண்டுக்குப் பக்கத்தில், நத்தை ஓடு கிடக்கும் இடம். கேட்டு வைத்தது இப்போது உதவியது.

அவள் பறந்து போய் அங்கே இறங்கினாள். குச்சிக் காலால் மண்ணைக் கீறினாள். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. சூரியன் சாயத் தொடங்கியது.

"கிழங்கண்ணே!" என்று கத்தினாள். "கொஞ்சம் வந்து தோண்டிக் குடுங்கண்ணே!"

காட்டுப்பன்றி எழுந்தான். உடனே சிறுத்தை குறுக்கே பாய்ந்தான்.

"இந்தப் பறவைக்கு ஒருத்தரும் உதவக் கூடாது! இது என் உத்தரவு!"

கிழங்கன் நின்றான். அவனுக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் அன்றைக்கு யோசித்துவிட்டான். "தலைவரே, இது எந்த நாள் சொல் பாறையில தீர்மானமாச்சு? நானும் அங்க உட்கார்றவன்தான். எனக்கு ஞாபகம் இல்லையே?"

"தீர்மானமா? நானே சொல்றேன்!"

"அப்ப நீங்களே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, சிறுத்தையைச் சுற்றிக்கொண்டு நடந்தான் கிழங்கன்.

கூட்டத்தில் எங்கோ ஒரு குரங்கு கைதட்டியது. சிறுத்தை திரும்பிப் பார்ப்பதற்குள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

கிழங்கன் மூக்கால் முட்டி முட்டித் தோண்டினான். மண் கட்டிகள் பறந்தன. முழ ஆழத்தில் மத்தளம் கிடைத்தான். கண் மூடி, தோல் சுருங்கி, காய்ந்த நெல்லிக்காய்போல இருந்தான். தட்டினார்கள். உருட்டினார்கள். அசையவே இல்லை.

"அவ்வளவுதான்!" என்று எட்டிப் பார்த்த நரி உதட்டைப் பிதுக்கினான். "மழை வந்தாத்தான் முழிப்பான். வானத்துல ஒரு மேகம் இல்ல!"

மேகம் இல்லைதான். ஆனால் குளத்து நடுவில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. செம்மூக்கிக்கு வயிற்றுச் சிறகும் இருந்தது. முட்டைகளுக்குத் தினமும் செய்கிற வேலைதானே! பறந்து போய்த் தண்ணீரில் அமர்ந்தாள். வயிறு சொட்டச் சொட்ட வந்து மத்தளத்தின்மேல் உட்கார்ந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். பத்தாவது தடவையில் அவள் இறக்கை வலித்தது. பதினைந்தாவது தடவையில் சூரியன் மலையுச்சிக்கு ஒரு பனை உயரம் மேலே நின்றது.

இருபதாவது தடவையில் அவள் வயிற்றுக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"யார்டா அது?" என்று கத்திவிட்டாள். பழக்கம், என்ன செய்வது!

"நான்தான்... மத்தளம்..." என்றது ஒரு கரகரத்த குரல். "மழையா?"

"மழை இல்ல மாமா, வழக்கு! ஏழாம் வரி! சீக்கிரம்!"

கிழங்கன் தவளையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினான். சூரியனுக்கும் மலைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தபோது அவர்கள் தீர்ப்புப் பாறைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மத்தளம் தொண்டையை உப்பவைத்துக்கொண்டான். காடு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"ஏழாம் வரி! ஆனைமூழ்கிக் கரையில் எவரும் எவரையும் யார் என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். கேட்டதற்காக எவரையும் கரையை விட்டு விரட்டக் கூடாது!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. நரி உடனே குரலை மாற்றினான். "சரி, சரி! யார்னு கேக்கட்டும், யாரு வேண்டாங்கறது? மரியாதையா கேக்கலாமில்ல? 'தாங்கள் யார் ஐயா'ன்னு கேட்டா வாய் வலிக்குமா? இவ 'டா' போட்டா. தண்டனை அந்த 'டா'வுக்குத்தான்!"

கூட்டத்தில் சில பேர் தலையாட்டினார்கள். அது நியாயம்போலத்தான் தோன்றியது. செம்மூக்கிக்குமே வெட்கமாகப் போய்விட்டது. தன் தொண்டை இப்படி அமைந்துவிட்டதே என்று நொந்துகொண்டாள்.

மெல்லப்பர் தவளையைக் கேட்டார். "மத்தளம், ஏழாம் வரியில 'மரியாதையாக'ன்னு ஒரு சொல் இருக்கா?"

"இல்லீங்க."

"மறந்துபோய் விட்டுட்டாங்களோ?"

"மறக்கறதாவது! எங்க தாத்தா அந்தச் சபையில இருந்தவரு. வரியோட இந்தக் கதையையும் சேர்த்துத்தான் எங்க வீட்டுல சொல்லிக் குடுப்பாங்க. 'மரியாதையாக'ன்னு சேக்கணும்னு ஒருத்தர் எழுந்து சொன்னாராம். அதைப் பத்தி மூணு நாள் பேசினாங்களாம். எது மரியாதைன்னு யார் முடிவு பண்றதுன்னு ஒரு முயல் கேட்டுதாம். பெரியவங்க முடிவு பண்ணுவாங்கன்னாங்களாம். 'நாங்க கேக்கப்போறதே பெரியவங்களைத்தானே!'ன்னுதாம் முயல். அதோட அந்தச் சொல்லை எடுத்துட்டாங்க."

யானை முதலில் சிரித்தது. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

"தீர்ப்பு!" என்றார் மெல்லப்பர். "கேள்வி கேக்கலாம்னு சாசனம் சொல்லுது. கும்பிட்டுட்டுக் கேக்கணும்னு சொல்லல. தலைவரோட உத்தரவு செல்லாது. செம்மூக்கி கரையிலயே இருப்பா!"

அவ்வளவுதான். சிறுத்தை ஒரே பாய்ச்சலில் தீர்ப்புப் பாறைமேல் ஏறி நின்றான். பாறை அதிர்ந்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"போதும் உங்க சாசனம்!" என்று கர்ஜித்தான். "இனிமே சட்டம் சொல்றதும் நான்! நடத்தறதும் நான்! தீர்ப்பும் நான்!"

சிரிப்பெல்லாம் அடங்கியது. மான்கள் நடுங்கின. கிழங்கன் தரையைப் பார்த்தான். அந்தப் பழைய சிங்கம் திரும்பி வந்துவிட்டதாகச் செம்மூக்கிக்குத் தோன்றியது. கரையில் உட்கார்ந்திருக்கும் புருஷனை நினைத்தாள். அவன் அடியில் இருக்கும் நான்கு முட்டைகளை நினைத்தாள். பிறகு அந்தப் பாறையைப் பார்த்தாள். அங்கே இருக்கக் கூடாத ஒரு கால் இருந்தது. பயத்தைக் கேட்காமல் தொண்டை தன் வேலையைச் செய்தது.

"யார்டா அது?"

சிறுத்தை அவளை முறைத்தான். அப்போது கரையிலிருந்து அவள் புருஷனின் குரல் வந்தது. "யார்டா அது?"

"யார்டா அது?" என்று உறுமினான் கிழங்கன்.

"யார்டா அது?" என்றது ஒரு குட்டி மான். அதன் அம்மா வாயைப் பொத்தப் போனாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அவளும் சேர்ந்து கத்தினாள். குரங்குகள் கத்தின. மத்தளம் தொண்டை வெடிக்கக் கத்தினான். யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. அந்தக் கேள்வி மலையில் மோதித் திரும்பி வந்தது. பார்த்தால், மலையே கேட்பதுபோல இருந்தது.

"யார்டா அது? யார்டா அது? யார்டா அது?"

ஒரு பறவையை மிரட்டலாம். ஒரு பன்றியைக் கிழிக்கலாம். காடு முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டால் எந்தத் தொண்டையைப் பிடிப்பது? சிறுத்தை இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். காது மடங்கியது. வால் தொங்கியது.

"நான்தான்..." என்றான் மெதுவாக. "பெரும்புள்ளி."

ஓட்டுக்குள்ளிருந்து ஆமையின் தலை வெளியே வந்தது. "பெரும்புள்ளியா? காவல் பாறைக்காரருக்குத் தீர்ப்புப் பாறையில என்ன வேலை? மரங்கொத்தி, மூணாம் வரியைப் படி. அதையாவது கரையான் விட்டு வச்சிருக்கா?"

"இருக்குங்க ஐயா! மறு பாறையில் கால் வைத்தவர் தன் பாறையை இழப்பார்!"

சிறுத்தை பாறையிலிருந்து இறங்கினான். அந்த நேரத்தில் புதருக்குள் ஏதோ நழுவியது.

"யார்டா அது?"

"நா... நான்தான், நைச்சியன். சும்மா... காலாற நடக்கலாம்னு..."

"நகத்தைக் காட்டு" என்றான் கிழங்கன். நரியின் நகத்திடுக்கெல்லாம் மருதம்பட்டையின் சிவப்புத் துகள். அவன் சொன்ன கரையானுக்கு நான்கு கால், ஒரு வால் என்று காடு அன்றைக்குத் தெரிந்துகொண்டது. நரியையும் விசாரித்துவிட்டுத்தான் தண்டித்தார் மெல்லப்பர். மரங்கொத்தி ஏழாம் வரியை மறுபடி செதுக்கி முடிக்கும்வரை, கீழே விழும் தூசியையெல்லாம் அவன்தான் வாலால் கூட்ட வேண்டும்.

"சிறுத்தையைக் குளத்துப் பக்கமே விடாதீங்க!" என்று சிலர் கத்தினார்கள். செம்மூக்கிக்கும் அந்த ஆசை இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது. ஆனால் மரத்தின் இரண்டாம் வரி அவள் கண்ணில் பட்டது: தாகத்தோடு வந்தவரைத் தடுக்கக் கூடாது.

"அவருக்கும்தான் அந்த வரி" என்றாள். "குடிக்கட்டும். ஆனா நான் கேப்பேன். அவர் சொல்லணும்."

மறுநாள் சொல் பாறையில் கூடி, ஒரு காட்டெருமையைக் காவல் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் நான்கு முட்டைகளும் பொரிந்தன. பஞ்சு உருண்டைகள்போல நான்கு குஞ்சுகள் வெளியே வந்தன. செம்மூக்கி அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குப் புருஷனிடம்கூட "யார்டா அது" கேட்க மறந்துவிட்டது. அவன்தான் ஏமாந்து போனான்.

அன்று மாலை நாணல் அசைந்தது. கடைசியாகப் பொரிந்த குஞ்சுக்கு இன்னும் நேராக நிற்கவே வரவில்லை. அது தட்டுத்தடுமாறி ஒரு கூழாங்கல்மேல் ஏறிக்கொண்டு, 'ட' இன்னும் வராத கீச்சுக் குரலில் கேட்டது:

"யார்தா அது?"

நாணலுக்குள்ளிருந்து சிறுத்தை தலையை நன்றாக வெளியே காட்டினான்.

"நான்தான்மா, பெரும்புள்ளி. தண்ணி குடிக்க வந்தேன்."

"குதி!" என்றது குஞ்சு.

மான்களுக்குப் பக்கத்திலேயே நின்று, தலை குனிந்து, அவன் தண்ணீர் குடித்தான்.

எத்தனை பெரியவரையும் "நீ யார்?" என்று கேட்கும் உரிமையை எளியவருக்குத் தருவதே நல்ல சாசனம், அது பொறித்து வைத்த எழுத்தால் மட்டும் வாழ்வதில்லை, பயந்த வேளையிலும் அதை உரக்கச் சொல்லும் வாய்களால்தான் வாழ்கிறது.